ஹல்துமுல்லைக் குளிரில் லித்தியம் பற்றரி

லித்தியம் பற்றரி வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் வரும். பலரும் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அதில் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பந்தி இருக்கும். குளிர் தொடங்குவதற்கு முன் பாதியளவு சார்ஜில் நிறுத்துங்கள், கம்பிகளைக் கழற்றிவிடுங்கள், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாதீர்கள், குளிர்காலம் முடிந்ததும் மீண்டும் இணையுங்கள் என்று அது சொல்லும்.

அந்தத் தாள் கனடாவிலோ நோர்வேயிலோ வாழ்கிறவருக்காக எழுதப்பட்டது. அங்கே படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ளே உள்ள முகாம் வண்டிகள் உண்டு. கோடையில் குடும்பத்தோடு கிளம்புவார்கள். பனி கொட்டத் தொடங்கியதும் வண்டியை முற்றத்தில் மூடி நிறுத்திவிடுவார்கள். அந்த வண்டிகளுக்குப் போடும் 12 வோல்ட் பற்றரி வகைதான் இங்கே சோலர் வெளிச்சத்துக்கும், கரண்ட் போனால் டீவி ஓட்டவும், கோயில் ஒலிபெருக்கிக்கும் பயன்படுகிறது. பற்றரி ஒன்றுதான் என்றாலும் குளிர்காலம் ஒன்றல்ல. ஹல்துமுல்லையில் இருந்து அந்தத் தாளை வாசிக்கிறவர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தப் பற்றரிகள் நம் பக்கம் ஏன் தேவைப்பட்டன என்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் முழு நாடும் இருண்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மலை சரிந்தது, வீதி போனது, மின்சாரமும் போனது. கூரையில் சோலர் தகடு இருந்தும் பற்றரி இல்லாதவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டார்கள். பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த சோலர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இருட்டில் விளக்கெரிய பற்றரி வேண்டும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பற்றரி என்று பாருங்கள். வீட்டுக்கும் வண்டிக்கும் இப்போது பெரும்பாலும் விற்பது லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை. மேலே 12.8 வோல்ட் என்று போட்டிருந்தால் அதுதான். 3.2 வோல்ட் கலங்கள் நான்கு வரிசையாக உள்ளே இருக்கும். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள லித்தியம் வேறு கலவை. அது சிறிய இடத்தில் அதிக சக்தியை அடக்கும், ஆனால் சூடேறினால் எளிதில் தீப்பிடிக்கும். இரும்பு பொஸ்பேட் கொஞ்சம் கனம் கூடியது, ஆனால் சாது.

இந்தச் சாதுவின் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் மதுரையிலும் பிறகு சென்னை ஐ.ஐ.டியிலும் படித்து, 1980களில் பற்றரி ஆய்வாளர் ஜோன் குடினஃபோடு சேர்ந்தார். இரும்புச் சேர்மங்களில் சல்பேட் போன்ற கூட்டு அயனிகள் இருந்தால் மின்னழுத்தம் உயர்கிறது என்று இருவரும் காட்டினார்கள். மலிவான இரும்பைக் கொண்டே பற்றரி செய்யலாம் என்ற வழி அங்கிருந்து திறந்தது. 1997இல் டெக்சாஸில் குடினஃபின் ஆய்வுக்கூடத்தில் இருந்து லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி என்ற இந்தியர். 2019இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டொக்ஹோமில் நோபல் விரிவுரை ஆற்றியவர் மந்திரம்தான்.

இனி குளிருக்கு வருவோம். பற்றரிக்கு மூன்று நிலைகள் உண்டு: சும்மா இருப்பது, மின்சாரம் கொடுப்பது, சார்ஜ் ஏறுவது. குளிர் இந்த மூன்றையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

சும்மா இருக்கும் பற்றரிக்குக் குளிர் நல்லது. உள்ளே மெதுவாக நடக்கும் வேதிமாற்றங்கள்தான் பற்றரியைக் கிழடாக்குகின்றன. குளிரில் அவை இன்னும் மெதுவாகும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அம்பாந்தோட்டை வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடக்கும் பற்றரியை விட, ஹல்துமுல்லையில் நிழலான அறையில் இருக்கும் பற்றரி நீண்ட நாள் வாழும்.

மின்சாரம் கொடுப்பதைக் குளிர் கொஞ்சம் குறைக்கும். மைனஸ் 20 பாகை வரை இவ்வகைப் பற்றரி வேலை செய்யும், ஆனால் கொள்ளளவு கணிசமாகக் குறைந்திருக்கும். சூடேறியதும் திரும்ப வந்துவிடும். அதில் நிரந்தரச் சேதம் இல்லை.

ஆபத்து சார்ஜ் ஏறுவதில்தான் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் திரவத்தின் ஊடாக வந்து கிரபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். குளிரில் அந்த நுழைவு மந்தமாகிறது. கொழுந்து நிறுக்கிறவர் மெதுவாக நிறுத்தால் மலையிலிருந்து வந்த சாக்குகள் மடுவத்துக்கு வெளியே குவிவதுபோல, உள்ளே போக முடியாத லித்தியம் கிரபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மீண்டும் வேலைக்கு வராது. அந்த அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். படிவு ஊசிபோல வளர்ந்து நடுத்திரையைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படலாம். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. இதனால்தான் சுழியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது என்று எல்லாத் தாளிலும் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல பற்றரிகளில் உள்ளே இருக்கும் காவல் பலகை, அதாவது பி.எம்.எஸ், குளிரை உணர்ந்து சார்ஜைத் தானே தடுக்கும். இன்னும் சிலவற்றில் சூடேற்றும் தகடே உண்டு. மலிவானவற்றில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம்.

இந்த எச்சரிக்கை நமக்குப் பொருந்துமா? இலங்கையில் மிகக் குளிரான நகரம் நுவரெலியா. அங்கேயே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இரண்டரை பாகைக்குள்தான். தை, மாசி விடியலில் அங்கும் ஹோர்ட்டன் சமவெளியிலும் புல்மேல் உறைபனி படியும். ஆனால் ஹப்புத்தளை 1,400 மீற்றருக்குச் சற்று மேல், ஹல்துமுல்லை அதற்கும் கீழே தெற்குச் சரிவில். இப்பகுதியின் மேட்டுப்பக்கமான இதல்கஸ்ஹின்னவில் மார்கழி விடியலில் கை விறைக்கலாம், வாயில் புகை வரலாம், ஆனால் வீட்டுக்குள் வைத்த பற்றரி சுழியத்தை எட்டாது. பத்துக் கிலோவுக்கு மேல் கனமுள்ள பொருள் சட்டென்று குளிர்வதும் இல்லை. விடியலில் சோலர் தகட்டில் இருந்து வரும் மின்னோட்டமும் குறைவு. வெயில் ஏறி மின்னோட்டம் கூடுவதற்குள் பற்றரியும் சூடேறியிருக்கும். ஆகவே உறைபனி எச்சரிக்கையை ஊவாவில் இருப்பவர் விட்டுவிடலாம்.

சூரியன் விஷயத்திலும் நாம் கொடுத்து வைத்தவர்கள். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரம்தான். இங்கே பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் குறையும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சரிவில் உள்ள லயங்களுக்கு, மூட்டம் விலகும் நாட்களில், நல்ல வெயில் விழும். சிக்கல் எல்லாம் மூட்டத்தில்தான். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை கொட்டும். அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழை. நாள் கணக்கில் வெயிலைக் காண முடியாமல் போவதும் உண்டு.

அந்தத் தாளை அப்படியே பின்பற்றினால் நமக்குத் தப்பாகப் போகும் இடம் இதுதான். அவர்களுக்குக் குளிர்காலம் பற்றரி தூங்கும் காலம். நமக்கு அதுதான் பற்றரிக்கு அதிக வேலை உள்ள காலம். மழை, காற்று, மரம் விழுந்து கம்பி அறுவது, மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் ஒக்டோபரில் இருந்து தைவரை வருகின்றன. கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 காலை. ஒக்டோபரில் பற்றரியைப் பாதியாக்கிக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வைப்பது கனடாக்காரருக்குப் புத்திசாலித்தனம், ஹல்துமுல்லைக்காரருக்கு மடத்தனம்.

மழைக்காலத்தில் வீட்டுப் பற்றரியை 80, 90 சதவீதத்துக்கு மேலே வைத்திருங்கள். முழுதாக நிறைந்திருந்தாலும் பரவாயில்லை. நிறைந்த நிலையில் இருப்பதால் கொஞ்சம் வயது குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரும்பு பொஸ்பேட்டில், அதுவும் நம் குளிரான அறையில், அந்த இழப்பு சிறியது. ஒரு புயல் இரவில் பிள்ளைகளுக்கு வெளிச்சம் இல்லாமல் போவதோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டியதே இல்லை. பற்றரியைக் காப்பாற்றுவதற்காக நாம் பற்றரி வாங்கவில்லை.

அப்படியானால் பாதியில் நிறுத்தி ஒதுக்கி வைக்கும் விதி யாருக்கு? பற்றரிக்கு வேலையே இல்லாத இடங்களுக்கு. திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் மட்டும் எடுக்கும் கோயில் பற்றரி. வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் திரும்புகிறவரின் சோலர் பெட்டி. உல்லாசப் பயணிகள் இல்லாத மாதங்களில் மூடிக் கிடக்கும் விடுதி. இப்போது நம் வீதிகளிலும் தென்படத் தொடங்கியிருக்கும், வாடகைக்கு விடும் முகாம் வேன். இவற்றுக்கெல்லாம் அந்தத் தாள் சொல்லும் முறை சரி, மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏன் பாதி? முழுதாக நிறைந்த பற்றரியில் கிரபைட் முழுக்க லித்தியத்தால் நிரம்பியிருக்கும். அந்த நிலையில் அது சுற்றியுள்ள திரவத்தோடு வேகமாக வினைபுரிந்து, லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். மறுபக்கம் காலியாக வைத்தால் ஆபத்து பெரிது. பற்றரி தானாகவே மாதத்துக்கு 2, 3 சதவீதம் இறங்கும். அடிமட்டத்துக்கும் கீழே போனால் உள்ளே உள்ள செப்புத் தகடே கரையத் தொடங்கும். பாதியில் வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி கிடைக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் எங்கே இருந்தாலும் போதும். கடையில் வாங்கும் புதுப் பற்றரியும் நிறைந்து வராது. லித்தியம் பற்றரியைத் தனியாக விமானச் சரக்கில் அனுப்பினால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் இருந்து இருக்கிறது. கப்பலில் வருவதையும் பெரும்பாலும் பாதியில்தான் அனுப்புவார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லொறி பற்றரியில் வோல்ட்டைப் பார்த்தே அளவு சொல்லிவிடலாம். இதில் முடியாது. நிறைந்து ஓய்ந்த பற்றரி 13.4, 13.5 வோல்ட் காட்டும். பாதியில் 13.1ஐ ஒட்டி இருக்கும். 20 சதவீதத்திலும் 12.9 காட்டும். நடுப்பகுதி முழுவதும் கோடு ஏறத்தாழ சமதரை. மலிவான மல்டிமீற்றரின் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். கைப்பேசியோடு இணையும் பற்றரி என்றால் செயலி சொல்லும் சதவீதத்தைப் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். முதலில் முழுதாக ஏற்றி, அப்படியே சில மணி நேரம் சார்ஜரில் விடுங்கள். நான்கு கலங்களையும் பி.எம்.எஸ் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அந்த உச்சியில்தான். பிறகு இறக்குங்கள். 100 ஆம்பியர் மணி பற்றரியில் ஏறத்தாழ 1,280 வாட் மணி இருக்கிறது, பாதி 640. நாற்பது வாட் டீவியை இன்வேர்ட்டர் வழியாக ஓட்டினால், அதில் போகும் இழப்பையும் சேர்த்து, பதினான்கு மணி நேரம் அளவில் பாதிக்கு வந்துவிடும். இரண்டு, மூன்று இரவு படம் பார்த்தால் ஆயிற்று. சரியாக ஐம்பதில்தான் நிற்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

அடுத்தது கம்பி. ஒதுக்கி வைத்த பற்றரிகள் சாவதற்குப் பெரிய காரணம் குளிரும் அல்ல, வெயிலும் அல்ல. கழற்றாமல் விட்ட கம்பிதான். இன்வேர்ட்டரில் ஒன்றும் மாட்டாவிட்டாலும், சுவிட்ச் போட்டிருந்தால் அது தனக்கென்று மின்சாரம் எடுக்கும். 10 வாட் எடுக்கும் இன்வேர்ட்டர் என்றால், பாதி நிறைந்த 100 ஆம்பியர் மணி பற்றரியை மூன்று நாளுக்குள் காலி செய்துவிடும். சோலர் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிறு பச்சை விளக்கு, வண்டியின் வாயு எச்சரிக்கைக் கருவி, ரேடியோவின் கடிகாரம் எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்றரை மாதத்தில் கதை முடிந்துவிடும். அதனால் மறை முனையைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். சோலர் இருந்தால் கழற்றும் வரிசை முக்கியம். முதலில் தகட்டின் கம்பியை எடுத்துவிட்டு, பிறகு பற்றரியை எடுங்கள். மீண்டும் மாட்டும்போது பற்றரி முதலில், தகடு பிறகு. பற்றரி இல்லாமல் தகட்டின் மின்னழுத்தம் மட்டும் வந்தால் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எரிந்துவிடும்.

கழற்ற மறந்து பற்றரி அடிமட்டத்துக்குப் போனால் பி.எம்.எஸ் கதவை அடைத்துவிடும். மீற்றர் வைத்தால் சுழியம் காட்டும். பலரும் பற்றரி செத்துவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான். சாகவில்லை, காவலுக்காக மூடிக்கொண்டது. லித்தியத்துக்கான சார்ஜர் பலவற்றில் இதை எழுப்பும் வசதி உண்டு. சில சோலர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் எழுப்பும். உடனே செய்தால் பெரும்பாலும் மீளும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்திருந்தால் விட்டுவிடுவது நல்லது. பெட்டியை உடைத்து உள்ளே உள்ள கலங்களுக்கு நேரடியாகக் கம்பி வைத்து உயிர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். செப்பு கரைந்த கலத்துக்கு வலிந்து சார்ஜ் ஏற்றினால் அது உள்ளுக்குள் குறுஞ்சுற்றாகி வெந்து போகும்.

பழைய லொறி பற்றரியோடு வாழ்ந்து பழகிய கை இங்கே கொஞ்சம் தடுமாறும். ஈயப் பற்றரியை எப்போதும் நிறைத்தே வைக்க வேண்டும், பாதியில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். பற்றரித் தண்ணி ஊற்ற வேண்டும். குளிர் நாடுகளில் காலியான ஈயப் பற்றரியின் அமிலம் உறைந்து பெட்டியே வெடித்துப்போகும், நிறைந்திருந்தால் உறையாது. லித்தியத்துக்கு இவை எதுவும் பொருந்தாது. மாதக்கணக்கில் சார்ஜரில் மாட்டி வைப்பது ஈயத்துக்குப் பராமரிப்பு, லித்தியத்துக்குத் தேய்மானம். ஈயத்துக்கான சார்ஜரில் சல்பேட் நீக்கவென்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் முறை இருந்தால் அதை இதில் போடவே கூடாது. 12.8 வோல்ட் பற்றரிக்கு 14.6 தான் உச்சி.

எங்கே வைப்பது? மலையகத்தில் உறைபனியை விட ஈரம்தான் எதிரி. மூட்டம் இஸ்தோப்பு வரை ஏறி வரும், சுவர் வேர்க்கும், முனைகளில் பச்சை பூக்கும். பற்றரியைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரப் பலகையில், உள்சுவரோரமாக வையுங்கள். பொலித்தீனில் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே அடைபடும். வந்த அட்டைப்பெட்டியோ பழைய துணியோ போதும். முனைகளைத் துடைத்து மெல்லிதாக வஸ்லீன் பூசுங்கள். குளிரான இடத்தில் இருந்து அடுப்பெரியும் அறைக்கு எடுத்து வந்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். உலரவிட்டுப் பிறகு இணையுங்கள். அடுப்பருகிலும் தகரக் கூரையை ஒட்டிய பரணிலும் வேண்டாம். பகலில் தகரத்தின் கீழே ஏறும் சூடு, இரவுக் குளிரால் கிடைக்கும் நன்மையை எல்லாம் தின்றுவிடும். ஆளில்லாமல் கிடக்கும் வீட்டில் எலி கம்பியைக் கடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

லயத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே கூரை, ஒட்டிய காம்பராக்கள். ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது. இரும்பு பொஸ்பேட் சாது என்று மேலே எழுதினேன். ஆனால் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், கம்பி சிவந்து பக்கத்தில் உள்ளதைப் பற்ற வைக்கும். பற்றரிக்கு ஒட்டியே நேர் முனைக் கம்பியில் பியூஸ் போடுங்கள். அந்தச் சிறு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். முனைகளில் பிளாஸ்டிக் மூடி இருக்கட்டும். வெளியேறும் கதவுக்கருகில் வைக்காதீர்கள். கைப்பேசி, மடிக்கணினியின் பழைய கலங்களைச் சேர்த்துக் கட்டிய பற்றரிகளும் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை உறங்கும் அறையில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒதுக்கி வைத்ததை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். 12.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றி மீண்டும் பாதிக்குக் கொண்டு வாருங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ இனிப்பான கரைப்பான் மணம் வந்தாலோ இணைக்காமல் வெளியே, மழை படாத இடத்தில் தனியாக வையுங்கள். வெள்ளத்திலோ சேற்றிலோ மூழ்கிய பற்றரியைக் காயவைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். கெட்டுப்போன லித்தியத்தைப் பழைய இரும்பு வாங்குகிறவர் ஈயத்தைப்போல ஆசையாக எடுக்கமாட்டார். அதற்காக ஓடையிலோ குப்பையோடு தீயிலோ போடாதீர்கள். வாங்கிய கடையிடமோ, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடமோ கொடுக்க வேண்டும்.

கனடாவில் உள்ள உறவினர் யாரேனும் இதை வாசித்தால் அவர்களுக்கும் இரண்டு வரி. உங்களுக்கு அந்தத் தாளில் உள்ளது எழுத்துக்கெழுத்துச் சரி. ஒக்டோபரில் வண்டியை மூடும்போது பற்றரியைப் பாதியாக்கிக் கழற்றுங்கள். கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோனால் மிக நல்லது. வண்டியிலேயே விட்டாலும், அந்தப் பற்றரிக்குக் குறிப்பிட்ட சேமிப்பு வெப்பநிலைக்குள் இருந்தால் குளிர் மட்டும் அதைக் கெடுக்காது. கூரையில் உள்ள சோலர் தகட்டின் கம்பியைக் கழற்ற மறந்தால்தான் கேடு. தை மாதத்து வெயில் ஒரு நாள் பனியை விலக்கித் தகட்டில் விழுந்து, மைனஸ் 15 பாகையில் உறைந்து கிடக்கும் கலத்துக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். குளிரை உணரும் பி.எம்.எஸ் இல்லாத பற்றரி என்றால் மே மாதம் வண்டியைத் திறக்கும்போது கொள்ளளவு குறைந்திருக்கும்.

ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்ததும் வீட்டுப் பற்றரியில் இருந்து கைப்பேசியையும் பவர் பேங்கையும் டோர்ச்சையும் நிறைத்துப் பையில் போடுங்கள். சிவப்பு வந்தால் வெளியேறிவிடுங்கள். சோலர் பெட்டியைக் கழற்றவோ, பத்து, பன்னிரண்டு கிலோ பற்றரியைத் தூக்கவோ நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.